அம்மம்மாவும் ஒரு அமெரிக்கத் தேர்தலும்

எனக்கு வேலை இரவில்தான். அமெரிக்காவில் ஆரோ கதைத்த ஒலிப்பதிவு வரும். ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு கேட்டு, யார் எதைச் சொன்னார் என்று பிரித்து, பிழை திருத்தி, ஆங்கிலத்தில் எழுத்தாக அனுப்பவேண்டும். முதல் வரைவை மென்பொருளே தந்துவிடும். ஆனால் வயது போன ஆக்கள் கதைத்தால் அதுக்கு விளங்காது. பல்லுக் கட்டின வாய், இழுத்து இழுத்து வரும் குரல், நடுவில் இருமல். அப்படியான கோப்புகளை மனிசரிடம் விடுவார்கள். நான் அம்மம்மாவோடு வளர்ந்தவள். கிழவிகளின் கதை எனக்குப் பிடிபடும். அதனாலோ என்னவோ அந்தக் கோப்புகள் என்னிடமே கூட வரும்.

2025 மாசியில் மூன்று கோப்புகள் வந்தன. ஓய்வுபெற்றவர்கள் இருக்கும் ஒரு பெரிய குடியிருப்பு. அங்கே காணி, வீடு வைத்திருப்பவர்களின் சங்கத்துக்கு நிர்வாக சபைத் தேர்தல். இரண்டு இடத்துக்கு ஐந்து பேர் கேட்கிறார்கள். அந்த ஐந்து பேரையும் ஒரு மண்டபத்தில் வரிசையாக இருத்தி, சனம் கேள்வி கேட்கிற கூட்டம்தான் ஒவ்வொரு கோப்பும். எந்த ஊர் என்று நான் சொல்லக்கூடாது. வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வைத்துக் குடுத்திருக்கிறேன். அதனால் ஆக்களையும் அடையாளம் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எல்லாருக்கும் எழுபதுக்கு மேல். சம்பளம் இல்லாத பதவி. அதுக்கு நோட்டீஸ் அடித்து, முற்றத்தில் பெயர்ப்பலகை நட்டு, கோல்ஃப் வண்டியில் கொடி கட்டித் திரிகிறார்கள். ஒருத்தர் விமானப் படையில் மெக்கானிக்காக இருந்தவர். கோல்ஃப் மைதானம் நட்டத்தில் ஓடுது, விளையாடாதவன் ஏன் அதுக்குக் காசு கட்டவேண்டும் என்கிறார். இன்னொருத்தர் வங்கி முகாமையாளராக இருந்தவர். ஏற்கெனவே சபையில் இருக்கிறார். கணக்கெல்லாம் சரி, மாதக் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும் என்கிறார். மூன்றாவது ஆளுக்கு பிக்கிள்போல் என்று ஒரு விளையாட்டுக்கு, ரெனிஸ் மாதிரித்தான், சின்ன மட்டையால் அடிப்பது, இன்னும் நாலு தளம் வேணும்.

நாலாவது ஒரு மனிசி. வயது 79. பள்ளிக்கூட பஸ் ஓட்டினவ. அவவுக்குத் தரப்பட்ட மூன்று நிமிசத்தில் அவ தண்ணீர்க் குழாயைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. ஊர் தொடங்கினபோது தாட்ட குழாய்கள், எல்லாம் உக்கிப்போச்சு, போன வருசம் எந்தெந்த றோட்டில் எத்தனை தரம் கிண்டினீங்கள் என்று ஒரு கொப்பியைப் பார்த்து வாசித்தா. மணி அடித்தது. பாதி வசனத்தில் நிப்பாட்டிவிட்டு இருந்திட்டா.

கேள்வி நேரத்தில் ஒருத்தர் எழும்பி, பதவிக்காலம் மூன்று வருசம், உங்களுக்கோ 79, முடிக்க மட்டும் இருப்பீங்களோ என்ற மாதிரிக் கேட்டார். அவ கொஞ்சமும் யோசிக்கவில்லை. நான் செத்தால் வேறு ஆளைப் போடுங்கோ, குழாய் எனக்காகப் பாத்துக்கொண்டு இருக்காது என்றா. மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்த இடத்தில் ‘சிரிப்பு’ என்று குறிப்புப் போடவேண்டும். நான் போட்டேன். பிறகு திரும்பவும் ஓடவிட்டுக் கேட்டேன்.

அப்ப எனக்கு அம்மம்மாவின் ஞாபகம் வந்தது.

*

அம்மம்மாவுக்கு 82 வயது. 2023இல் கிணத்தடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒப்பரேசன் செய்து நடக்கிறா, ஆனால் வோக்கர் வேணும். அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போறவ. நான் இரவில் முழித்துப் பகலில் படுக்கிறவள். மாமா கனடாவில், பெரியம்மா லண்டனில். ‘அம்மா’ என்ற பெயரில் எங்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. அம்மம்மாவை எங்கே வைத்திருப்பது என்று அந்தக் குழுவில் நாலு நாளில் முடிவெடுத்தோம். குழுவில் அம்மம்மா இல்லை. அவவிடம் இருப்பது பழைய பட்டன் போன்.

இப்ப அவ இருப்பது யாழ்ப்பாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில். வெளிநாட்டுக் காசை நம்பி நடக்கிற இடம். குறை சொல்ல ஏலாது. துப்பரவு, நல்ல சாப்பாடு, கிழமைக்கு ஒருக்கா டொக்டர். ஆனால் தேத்தண்ணி எல்லாருக்கும் சீனி இல்லாமல்தான், ஏனென்றால் பாதிப் பேருக்குச் சலரோகம். அம்மம்மாவுக்குச் சலரோகம் இல்லை. இரவு எட்டு மணிக்கு லைற் நிக்கும். ரீவீயில் எது போகும் என்பதை மேற்றன் தீர்மானிப்பா. அம்மம்மா ஒருதரம் சீனி கேட்டிருக்கிறா. “மகனிட்டச் சொல்லுங்கோ அம்மா, அவர் சொன்னால் போடுவம்” என்று மறுமொழி. ரொறன்ரோவில் இருக்கிற மாமாவைக் கேட்டுத்தான் அம்மம்மாவின் கோப்பைக்குள் சீனி விழவேண்டும்.

அந்த அறையில் மூன்று கட்டில். நடுக்கட்டில் ரீச்சர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, கலியாணம் செய்யவில்லை. தன் பென்சனில் இருந்து தானே கட்டுகிறா. அவவின் தேத்தண்ணிக்குச் சீனி வரும். கரைக்கட்டில் ஒரு ஆச்சி. அவவுக்கு ஒருத்தரும் இல்லை. இறுதிப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவ. அவவின் செலவை ஊர்க்கோயில் ஆக்கள் சேர்த்துக் குடுக்கினம். ஆச்சி சீனி கேட்டதே இல்லை.

இந்த வித்தியாசம் இரண்டு வருசமாக என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. எனக்கு அது விளங்க, எங்கேயோ இருக்கிற அந்த பஸ்காரி கதைக்கவேண்டி வந்தது.

*

வேலைக்குத் தேவையென்று கொஞ்சம் வாசித்தேன். இப்படியான ஊர்கள் அமெரிக்காவில் பழசு. அரிசோனாவில், பீனிக்ஸ் நகருக்குப் பக்கத்தில், 1954இலேயே யங்ரவுன் என்று முதியவர்களுக்காக ஒரு ஊர் தொடங்கப்பட்டது. அதுக்குப் பக்கத்தில் டெல் வெப் என்ற கட்டட முதலாளி 1960 ஜனவரி 1இல் சன் சிற்றியைத் திறந்தார். வயது போனவர்கள் சொந்தப் பிள்ளைகளை விட்டுப் பாலைவனத்துக்கு வந்து வீடு வாங்குவார்களோ என்று பலர் சந்தேகப்பட்டார்கள். திறந்த முதல் மூன்று நாளில் பார்க்க வந்தவர்கள் ஒரு லட்சம் பேர் என்று எழுதியிருக்கிறார்கள்.

சன் சிற்றிக்கு இன்றுவரை மேயர் இல்லை, மாநகர சபை இல்லை. அது சட்டப்படி ஒரு நகரமே இல்லை. ஆனால் நீச்சல் தடாகம், மைதானம், மண்டபம் எல்லாவற்றையும் நடத்துவது குடியிருப்பாளர்கள் தெரிவுசெய்கிற 9 பேர் கொண்ட ஒரு சபை. ஆர்கன்சா மாநிலத்தில் 1970இல் தொடங்கின ஹொட் ஸ்பிரிங்ஸ் வில்லேஜ் இன்னும் பெரிய கதை. ஏறத்தாழ 26,000 ஏக்கர். றோட்டு, தண்ணீர், பொலிஸ் எல்லாம் ஆதன உரிமையாளர் சங்கத்தின் பொறுப்பு. சங்கத்தை நடத்துவது 7 பேர். எங்கட பிரதேச சபை செய்கிற வேலை முழுக்க ஒரு சங்கம் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கோ. நாங்கள் சோலைவரி கட்டுவது போல அவர்கள் மாதாமாதம் சங்கத்துக்குக் கட்டணம் கட்டவேண்டும். கட்டாவிட்டால் சங்கம் வீட்டின் மேலேயே உரிமை கோரலாம். கடைசியில் ஏலத்துக்கும் போகலாம்.

அதனால்தான் அந்த மண்டபத்தில் அவ்வளவு சூடு. பென்சனில் இருக்கிற ஒரு மனிசிக்கு மாதம் இருபது டொலர் கூடினால் அது அவவின் மருந்துக்காசு. குழாயை இப்ப மாத்துவதா, அஞ்சு வருசம் கழித்தா என்பது விளையாட்டுக் கேள்வி இல்லை. முதல் கோப்பில் சிரித்த நான் மூன்றாம் கோப்பில் கட்டணக் கணக்கைப் பேப்பரில் எழுதிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உறைத்தது. எனக்கு 26 வயது. வட மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்ரெம்பரில். அப்ப நான் பள்ளிக்கூடத்தில். அந்தச் சபையின் காலம் 2018இல் முடிந்தது. இதை எழுதும்வரை வேறு தேர்தல் இல்லை. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலும் காசு இல்லை என்று தள்ளிப்போனது. மாகாண சபைக்கு நான் ஒருநாளும் புள்ளடி போட்டதில்லை. ஆனால் எங்கேயோ இருக்கிற ஒரு கிழவர் ஊரின் குழாய்த் தேர்தல் எனக்கு மனப்பாடம்.

*

புதனும் சனியும் பின்னேரம் நான் அம்மம்மாவைப் பார்க்கப் போவேன். கதைக்க ஒன்றும் இருக்காது. சாப்பிட்டீங்களோ, நித்திரை வந்ததோ, மருந்து போட்டீங்களோ. மூன்று கேள்வியோடு முடியும். ஒருநாள் சும்மா இந்த அமெரிக்கக் கதையைச் சொன்னேன்.

“எழுபத்தொன்பது வயதில எலெக்சன் கேக்கிறாவோ?” அம்மம்மா நிமிர்ந்து இருந்தா. “மனிசன் இல்லையோ?”

“செத்துப்போச்சு, அம்மம்மா. தனியத்தான்.”

“பிள்ளையள் விட்டவையோ?”

எனக்கு அது தெரியாது. பிள்ளைகள் விட்டார்களா என்ற கேள்வி அந்த ஆறு மணித்தியாலத்தில் எங்கேயும் வரவில்லை. ஒருத்தரும் கேட்கவில்லை. அதைச் சொன்னபோது அம்மம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

அடுத்த புதன் நான் போகமுந்தியே ரீச்சர் கதிரையை இழுத்து வைத்திருந்தா. “பிள்ளை, அந்த வங்கிக்காரர் கட்டணம் எவ்வளவு கூட்டச் சொல்லுறார்? வீடு எத்தனை?” என்று கேட்டா. நான் வாயால் சொல்ல மனக்கணக்கில் பெருக்கிப் போட்டு, “காணாது. குழாய்க்கு உது காணாது” என்று தீர்ப்புச் சொன்னா. ஆச்சி கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு மெதுவாக, “அந்த கோல்ஃப் எண்டுறது என்ன?” என்றா. நான் போனில் படம் காட்டினேன். “உவ்வளவு காணியும் புல்லோ?” என்றா. அவவின் காணி எங்கே, அது இப்ப ஆரிடம் என்று நான் கேட்கவில்லை.

மூன்று பேருமே பஸ்காரியின் பக்கம். எங்கட அறையில் அவ ஏகமனதாக வென்றிட்டா.

*

பங்குனி கடைசியில் மாமாவின் செய்தி வந்தது. அம்மம்மாவின் வீட்டுக்கு நல்ல விலைக்கு ஆள் இருக்காம். காணி விக்கிறதுக்கு மாமாவின் சினேகிதர் ஒருத்தரின் பெயரில் அற்றோணித் தத்துவம் எழுதவேண்டும். நொத்தாரிசு இல்லத்துக்கே வருவார். “நீ பக்கத்தில நிண்டு அம்மாட்டக் கையெழுத்தை வாங்கு. கனக்க விளங்கப்படுத்தத் தேவையில்லை, பயந்திடுவா” என்று எழுதியிருந்தார்.

மாமா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லவேண்டும். இரண்டு வருசமாக மாதம் தவறாமல் காசு அனுப்புகிறவர். இரட்டை வேலை செய்கிறவர். “அம்மாக்கு ஒண்டும் குறை விடக்கூடாது” என்பது அவர் வாயில் எப்போதும் வருகிற வசனம். ஆனால் அந்த வீடு அம்மம்மாவின் சீதனம். உறுதியில் அவவின் பெயர்தான் இருக்கிறது. அமெரிக்காவில் அந்தச் சங்கத்தின் பட்டியலில் அவவின் பெயர் ‘உரிமையாளர்’ என்று இருந்திருக்கும். கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்டிருப்பா.

நான் விளங்கப்படுத்தினேன். சனிக்கிழமை, மற்ற இரண்டு பேரும் இருக்கும்போதே. அழுவா என்று பயந்தேன். அழவில்லை.

“எவ்வளவுக்கு?” என்றா.

எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. நல்ல விலை என்று மட்டும்தான் தெரியும்.

“என்ன விலையெண்டு தெரியாமலோ கையெழுத்து வாங்க வந்தனீ? அந்த பஸ் ஓடின மனிசி நிண்டிருந்தால் உன்னை நாறடிச்சிருக்கும்.”

ரீச்சர் சிரித்தா. எனக்கு முகம் சுட்டது.

பிறகு அம்மம்மா நிதானமாகச் சொன்னா. “விக்கட்டும் பிள்ளை. நான் இனி அந்த வீட்டுக்குப் போமாட்டன், எனக்குத் தெரியும். கிணத்தடியை நினைச்சாலே கால் நடுங்குது. ஆனா விலையை எனக்குச் சொல்லவேணும். காசு என்ர புத்தகத்தில விழவேணும். இங்க மாதாமாதம் நான் கட்டுறன். நான் கட்டினால்தான் நான் கேக்கலாம்.”

நாங்கள் எல்லாரும் இரண்டு வருசமாக அவவுக்கு ‘ஒண்டும் குறை விடாமல்’ பார்த்தோம். அவவோ இந்த இடத்தின் வழிமுறையைச் சரியாகப் படித்து வைத்திருக்கிறா. காசு கட்டுகிறவரிடம்தான் மேற்றன் கதைப்பா. ரீச்சரின் கோப்பையைப் பார்த்தே அதைப் பிடித்திருக்கிறா.

அதைக் குழுவில் அப்படியே எழுதினேன். பெரியம்மா ஒரு அழுகிற பொம்மை போட்டா. மாமா பதில் போடவில்லை. இரண்டு நாள் கழித்து எனக்குத் தனியாக, “நீ என்ன அம்மாவைக் குழப்புறியோ?” என்று கேட்டார். இல்லை மாமா, விலை கேக்கிறா, அவ்வளவுதான் என்றேன். அதுக்குப் பிறகு கொஞ்ச நாள் மாமா என்னோடு கதைக்கவில்லை. அம்மா என்னோடு கதைத்தா, ஆனால் ஏச்சுத்தான்.

*

இங்கே நிப்பாட்டினால் இது அமெரிக்காவைப் பார்த்துப் படியுங்கோ என்ற கதையாகிவிடும். அது என் கதை இல்லை. “நான் கட்டினால்தான் நான் கேக்கலாம்” என்று அம்மம்மா சொன்னபோது, கரைக்கட்டில் ஆச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததை நான் பார்த்தேன்.

அமெரிக்காவின் அந்த ஊர்களிலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பல சங்கங்களில் வாக்கு மனிசருக்கு இல்லை, காணித்துண்டுக்கு. வாடகைக்கு இருப்பவருக்கு இல்லை. காலையில் வாசலால் வந்து புல்லு வெட்டி, பின்னேரம் அதே வாசலால் போகிறவருக்கு இல்லை. புளோரிடாவில் த வில்லேஜஸ் என்ற மிகப் பெரிய குடியிருப்பில், ஆக்கள் இருக்கிற பகுதிகளின் சபைகளைக் குடியிருப்பாளர்கள் தெரிகிறார்கள். ஆனால் கடைத்தெருக்கள் இருக்கிற மையப் பகுதியின் சபையைத் தெரிவது காணிக்காரர். அந்த மாநிலச் சட்டப்படி அங்கே ஏக்கருக்கு ஒரு வாக்கு. அதனால் கட்டினவரின் கைதான் அங்கே ஓங்கும்.

இன்னொன்று வயது. இப்படியான இடங்களில் பொதுவாக 80 சதவீத வீடுகளில் 55 வயதுக்கு மேற்பட்ட ஒருத்தராவது இருக்கவேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. பிள்ளைகள் தங்குவதற்கு நாள் கணக்கு வைக்கிறார்கள். த வில்லேஜஸில் 19 வயதுக்குக் குறைந்தவர் வருசத்தில் 30 நாள் வந்து நிக்கலாம். நான் முன்னே சொன்ன யங்ரவுனில், வீட்டில் இருக்க ஏலாமல் ஒரு பதின்ம வயதுப் பையன் தாத்தா, பாட்டியிடம் வந்து சேர்ந்தான். ஊர் அவனை வைத்திருக்க விடவில்லை. பிரச்சினை பெரிதாகி, 1998இல் அந்த ஊரின் வயதுக் கட்டுப்பாடே போனது. அம்மம்மாவின் வீட்டில் வளர்ந்த எனக்கு இதை வாசிக்கும்போது வயிற்றுக்குள் ஏதோ செய்தது. சன் சிற்றிக்காரர்கள் ஒரு காலத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் காசு ஒதுக்குவதை வாக்குப் போட்டுத் திரும்பத் திரும்பத் தோற்கடித்தார்கள். கடைசியில் அவர்களைப் பள்ளிக்கூட மாவட்டத்தில் இருந்தே பிரித்துவிட்டார்கள். தன் பணம், தன் ஊர், தன் வயது. அதுக்கு வெளியில் நிற்பவரைப் பற்றிக் கவலை இல்லை.

இது எங்களுக்கும் புதுசில்லை. 1931க்கு முன் இலங்கையில் சொத்தும் வருமானமும் படிப்பும் பார்த்துத்தான் வாக்கு. சனத்தொகையில் நாலு சதவீதமளவில்தான் வாக்காளர். டொனமூர் ஆணைக்குழு எல்லாருக்கும் வாக்கு என்றபோது எங்கட பெரிய தலைவர்களே எதிர்த்தார்கள்; சேர் பொன்னம்பலம் இராமநாதன் உட்பட. அந்த வாக்கு வந்திராவிட்டால் ஆச்சிக்கு மட்டுமில்லை, எனக்கும் இல்லை. 1948, 1949 சட்டங்களோடு மலையக மக்களிடம் இருந்து குடியுரிமையையும் வாக்கையும் பறித்ததும் இதே கேள்வியில்தான்: இந்த நிலம் உன்னுடையதா?

அதனால் அம்மம்மாவின் வசனம் எனக்குப் பாதி சரி. தன்னைப் பற்றி முடிவெடுக்கும்போது தன்னைக் கேட்கவேண்டும் என்பது சரி. கட்டுகிறவர்தான் கேட்கலாம் என்பது சரியில்லை. ஆனால் கேட்கிற பழக்கமே இல்லாத ஒரு இடத்தில், 82 வயதில், கையில் இருக்கிற ஒரே ஆயுதத்தை அவ எடுத்தா. அதை நான் எப்படிப் பிழையென்று சொல்ல?

*

சித்திரையில் முடிவு அறிவிக்கிற கூட்டத்தின் கோப்பு வந்தது. பஸ்காரி மூன்றாவதாக வந்திருந்தா. இடம் இரண்டுதான். கொஞ்ச வாக்கால் போய்விட்டது. வங்கிக்காரரும் பிக்கிள்போல்காரரும் வென்றார்கள்.

அறையில் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. “பிக்கிள்போலோ வெண்டது?” என்று ரீச்சர் திரும்பத் திரும்பக் கேட்டா. அம்மம்மாதான், “தோத்தா என்ன, அடுத்த முறையும் கேப்பா. அவ சொன்ன குழாய்க் கதை எல்லாற்றை காதிலயும் விழுந்திட்டுதெல்லே” என்றா.

மே 6ஆம் திகதி எங்கட உள்ளூராட்சித் தேர்தல். அம்மம்மாவின் பெயர் இன்னும் பழைய வீட்டு விலாசத்தில்தான் வாக்காளர் இடாப்பில் இருந்தது. இல்லத்துக்குப் போனதில் இருந்து அவ வாக்குப் போடவில்லை. 2024இல் இரண்டு தேர்தல் வந்தது, ஒருத்தருக்கும் அவவைக் கூட்டிக்கொண்டு போக யோசனை வரவில்லை. எனக்கும்தான். இந்த முறை ஓட்டோ பிடித்து, வோக்கரை முன்னுக்கு வைத்து, அவ படித்த பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோனேன். வரிசையில் நின்ற சனம் வழிவிட்டது. ஆருக்குப் போட்டீங்கள் என்று திரும்பி வரும்போது கேட்டேன். “அது உனக்கேன்?” என்றா. வீட்டு ஒழுங்கையைத் தாண்டும்போது ஓட்டோவை நிப்பாட்டச் சொல்லவில்லை. தலையை வெளியே நீட்டி ஒருக்காப் பார்த்தா, அவ்வளவுதான்.

இல்லத்துக்கு வந்ததும் மை பூசின விரலை ரீச்சருக்குக் காட்டினா. ஆச்சியும் பார்த்தா. ஆச்சியின் பெயர் எந்த இடாப்பிலும் இல்லை. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பிறகு ஆர் ஆரோ வீட்டில் இருந்து, அவவின் பெயரை ஒருத்தரும் எங்கேயும் பதியவில்லை. கிராம சேவையாளரைப் போய்க் கண்டேன். அடுத்த மீளாய்வில் இல்லத்தின் விலாசத்தில் சேர்க்கலாம் என்றார். ஆச்சியின் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக் குடுத்திருக்கிறேன். நடக்குமா என்று பார்க்கவேண்டும்.

வீட்டு விற்பனை இன்னும் முடியவில்லை. மாமா போன கிழமை அம்மம்மாவோடு நேரே கதைத்தார். விலையைச் சொன்னார். “குறைவு” என்றிட்டா அவ. இப்ப அவர்கள் இரண்டு பேரும் அதில் நிற்கிறார்கள். குழுவில் இதைப் பற்றி ஒன்றும் வருவதில்லை. அது நல்லது என்றுதான் நினைக்கிறேன்.

போன சனிக்கிழமை ரீச்சர் ஒரு கொப்பித் தாளில் கடிதம் எழுதி வைத்திருந்தா. மாதத்தில் ஒருநாள் இருக்கிறவர்கள் எல்லாரையும் இருத்திக் கதைக்கவேண்டும், சாப்பாடு, லைற், ரீவீ எல்லாவற்றையும், சலரோகம் இல்லாதவர்களுக்குச் சீனி போடவேண்டும் என்று நம்பர் போட்டு அஞ்சு விசயம். கீழே தன் கையெழுத்து. அம்மம்மாவும் வைத்தா. ரீச்சர் தாளை மடிக்கப்போகும்போது, கரைக்கட்டிலில் இருந்து ஆச்சி எழும்பி இருந்தா.

“நானும் வைக்கலாமோ?” என்றா. “நான் காசு கட்டுறேல்ல.”

ரீச்சர் ஒன்றும் சொல்லாமல் தாளை விரித்து, பேனையை நீட்டினா. மேற்றன் என்ன சொல்லுவா என்று தெரியாது. “பாப்பம்” என்றுதான் சொல்லுவா. ஆனால் அந்தத் தாளில் மூன்று கையெழுத்து இருக்கிறது.